எடுக்காத வெற்றிலை

"கூட்டத்தில் எதிர்ப்பு எதுவும் எழவில்லை" என்று எழுதக் கை போகும்போதெல்லாம் என்னைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். திட்டிக்கொண்டே நினைத்தாலும் சரி. நாளிதழின் பகுதி நிருபர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேச ஆரம்பித்தால் நாலு வார்த்தையில் நிற்காது என்று தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள், அது அவர்கள் தலையெழுத்து.

நான் பொன்னேரியில் உட்கார்ந்து பழவேற்காடு வரைக்கும் செய்தி சேகரித்தவள். சொந்த ஊர் திருப்பாலைவனம். நெல் விளைவிக்கிற வீடு. வெறும் ஒரு பஸ் தூரம்தான், ஆனால் ஏரிக்கரை மீனவக் குப்பங்களின் பழக்கவழக்கம் எனக்கு அடுத்த மாநிலம் மாதிரி இருந்தது. உள்ளூர்க்காரி, எனக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பு உங்களுக்கு இருந்தால் அதைப் பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். பத்து மைல் தள்ளிப் போனாலே நாம் வெளியூர்தான்.

இன்று ஒரே ஒரு சம்பவத்தைத்தான் சொல்லப் போகிறேன். செய்தி எப்படி எழுதுவது என்பதை உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். எனக்கு மூன்று பேருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குத்தான் வந்தேன்.

அப்போது அரசு சுகாதார நிலையங்களை மாற்றியமைக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. சட்டமன்றத்தில் அதைப் பற்றித் தினமும் சண்டை. யார் கத்தினார், யார் வெளிநடப்பு செய்தார் என்று முதல் பக்கம் முழுக்க வரும். திட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடினால் உள்ளே ஒரு மூலையில்கூடக் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் அது ஒரே ஒரு கேள்வியாக வந்து இறங்கியது. ஏரிக்கரையில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ வார்டில் ராத்திரியில் நர்ஸ் இருப்பாரா, மாட்டாரா? திட்டப்படி பிரசவம் எல்லாம் பொன்னேரிக்குப் போகும். அதற்குப் பதிலாகக் குப்பங்களுக்கு நடமாடும் மருத்துவ வண்டி வரும்.

காகிதத்தில் நல்ல திட்டம்தான். ஆனால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குப்பத்திலிருந்து ஒரு பெண் வலியோடு படகேறி, இக்கரை வந்து, அப்புறம் பொன்னேரி வரைக்கும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். தனலட்சுமி அப்படி ஒரு பெண். அந்தக் குப்பத்தின் நாட்டாருடைய மகள். நாட்டார் என்றால் ஊர்த் தலைவர், மீனவர் பஞ்சாயத்தில் கடைசிப் பேச்சு அவருடையது. தனலட்சுமியின் முதல் பிரசவத்தில் இக்கரை ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததுமே குழந்தை பிறந்துவிட்டது. பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நர்ஸ் இருந்ததால் பிழைத்தாள். பொன்னேரி வரை போயிருந்தால் வழியிலேயே போயிருப்பேன் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். இப்போது அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

இந்த நிலையில்தான் மாவட்டத்திலிருந்து ஒரு சுகாதார அதிகாரி கருத்துக் கேட்க அந்தக் குப்பத்துக்கு வந்தார், சுற்றுக் குப்பங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். தெற்கே எங்கோ பிறந்தவர், எங்கள் பக்கத்துக்குப் புதுசு. நல்ல மனிதர் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நாற்காலி வேண்டாம் என்று மணலில் சம்மணம் போட்டார். குப்பத்தில் கூட்டம் போட்டால் வெற்றிலை பாக்குத் தட்டு வைப்பதுதான் மரியாதை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பாவம், அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி வரும், மாத்திரை இலவசம், ரத்தப் பரிசோதனை வாசலிலேயே என்று எல்லாவற்றையும் விளக்கினார். பிரசவம் பொன்னேரிக்கு மாறும் என்பதைக் கடைசியில் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். முடித்துவிட்டுத் தட்டைச் சுற்ற விட்டார்.

தட்டு வரிசையாகப் போனது. ஆண்கள் பக்கம் போய், பெண்கள் பக்கம் போய், திரும்பி வந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. கருத்து சொல்லுங்கள் என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நாட்டார் எழுந்து, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொல்லி, அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, படகு வரைக்கும் கூட நடந்து போய் வழியனுப்பினார். நான் வழக்கம்போல நாலைந்து படம் எடுத்தேன். அதில் ஒன்றில் நிறைந்த தட்டு மணலில் தனியாகக் கிடந்தது. இந்தக் காலத்தில் யார் வெற்றிலை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பொன்னேரிக்குத் திரும்பி என் அறைக்குள் நுழைவதற்குள் அதிகாரியின் அலுவலகக் குறிப்பு வந்துவிட்டது. ஏரிக்கரைக் கிராமங்கள் திட்டத்தை ஒருமனதாக ஏற்றுக்கொண்டன, மறுநாள் காலை முதல் மருத்துவ வண்டி கிளம்புகிறது என்று இருந்தது. நானும் கூட்டத்தில் இருந்தவள்தானே. யாரும் எதிர்க்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தவள். குறிப்பை ஒட்டியே செய்தியை எழுதி, சென்னை அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

மாவட்டச் செய்திகளைப் பார்த்துக்கொண்ட துணை ஆசிரியர் எடுத்தார். அவர்தான் நான் நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆள். கடுகடு என்றிருப்பார். பாராட்டினால் நாக்கு வெந்துவிடும் என்று நினைப்பவர். நான் வாசித்ததை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ஏத்துக்கிட்டோம்னு சொன்ன ஆளு பேரு என்னம்மா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே சார் என்றேன்.

"அத கேக்கல. வேணும்னு சொன்ன ஒரே ஒரு ஆளு பேரு குடு, போட்டுடலாம்."

என்னிடம் ஒரு பேர்கூட இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. செய்தியை நிறுத்தி வைத்தார். மற்ற பத்திரிகை எல்லாவற்றிலும் வந்துவிடும் சார் என்றேன், வரட்டும் என்றார். மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் அந்தச் செய்தி நம்மிடம் ஏன் இல்லை என்று அவரைத்தான் வறுத்தெடுத்தார்கள். என்மேல் ஒரு சொல் விழாமல் அவரே வாங்கிக்கொண்டார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. உங்களுக்கு அப்படி ஒருவர் மேலே வாய்த்தால் அவர் குணம் எப்படி இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் பழவேற்காட்டுக்கு முதல் பஸ் பிடித்தேன். என் சீட்டுக்குப் பின்னாலேயே மற்ற பத்திரிகைகளின் கட்டு கிடந்தது. எல்லாவற்றிலும் ஏகமனதாக ஏற்பு. அந்தக் கட்டுக்கு முன்னால் உட்கார்ந்து போனது, பரீட்சையில் நான் மட்டும் வெள்ளைத்தாள் கொடுத்துவிட்டு வந்தது போலத்தான் இருந்தது.

படகுத்துறையில் தனலட்சுமி இறங்கிக்கொண்டிருந்தாள். மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்தவள். நேராகவே கேட்டேன், நேற்றுக் கூட்டத்தில் ஏன் யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லை என்று. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாக்கா, நீயும் அங்கதான இருந்த? நாங்கதான் வாணாம்னு சொல்ட்டோமே. தட்டு அப்படியே திரும்பிப் போச்சு, நீ பாக்கல?"

அப்புறம் எனக்குப் புரியும்படி விளக்கினாள். ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை விடுவது என்று முறை வைத்துப் பிரிப்பார்கள், அதற்குப் பாடு என்று பெயர். பாடு பிரிக்கும் கூட்டத்தின் முடிவில் வெற்றிலைத் தட்டு சுற்றும். ஒப்புக்கொண்டவர் எடுப்பார். ஒப்பாதவர் எடுக்க மாட்டார். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சு கிடையாது. அதுவும் வெளியிலிருந்து வந்தவரை முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லி அனுப்புவது அந்த ஊரில் அசிங்கம். ஆக, அந்தக் குப்பம் தனக்குத் தெரிந்த வழியில் தெளிவாக, மரியாதையாக, ஒரே குரலில் மறுத்திருக்கிறது. அதைத்தான் ஒருமனதாக ஏற்பு என்று மற்ற பத்திரிகை எல்லாம் அச்சடித்திருந்தன.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மீன் இறக்க வந்த குப்பத்துக்காரர்கள் துறையில் கூடிவிட்டார்கள், நாட்டாரும் இருந்தார். யாரோ பேப்பரை உரக்கப் படித்தார்கள். படித்து முடித்ததும் கொதித்துப் போனார்கள். வேண்டாம் என்று சொன்னதை வேண்டும் என்று மாற்றி எழுதினால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? வண்டி வந்தால் பொன்னேரி ரோட்டுப் பாலத்திலேயே மறிப்பது என்று பையன்கள் கிளம்பிவிட்டார்கள். நாட்டாரும் தடுக்கவில்லை. அவர் முகம் கறுத்திருந்தது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வண்டியை மறித்தால் போலீஸ் வரும், பையன்கள்மேல் வழக்கு விழும். மீனவர்கள் மருத்துவ வண்டியை உடைத்தார்கள் என்று மறுநாள் செய்தி வரும். அதற்குப் பிறகு அந்தப் பிரசவ வார்டைப் பற்றி யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். எனக்கு அது பட்டப்பகல் மாதிரித் தெரிந்தது. பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனலட்சுமி நிற்கிறாள். ஐயோ வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுக்கத்தான் மனசு துடித்தது. ஆனால் மறி, மறிக்காதே என்று சொல்வது நிருபர் வேலை இல்லை. இன்றைக்குத் தடுத்தால் நாளைக்குத் தூண்டவும் செய்வோம். நம்மிடம் இருப்பது கேள்வி ஒன்றுதான்.

அதனால் நாட்டாரிடம் போய்க் கேட்டேன். தட்டை எடுக்கவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்பது அந்த அதிகாரிக்குத் தெரியுமா?

நாட்டார் யோசித்தார். "தெரியாம எதுக்குமா தட்டு வெப்பாரு?" என்றார். ஆனால் குரல் இறங்கியிருந்தது. நான் அவரிடமே கேட்கட்டுமா என்றேன். கேள் என்றார். எல்லோரும் சுற்றி நிற்க, அதிகாரிக்குப் போன் போட்டேன். நேற்று வெற்றிலையை யாரும் எடுக்காததை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் சாதாரணமாக, இப்பல்லாம் யாரும்மா வெத்திலை போடுறா என்றார். நான் நினைத்த அதே வார்த்தை. பிறகு பாடு கூட்டத்து வழக்கத்தை அவரிடம் சொன்னேன்.

"அப்ப எல்லாரும் வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?" என்றார். "அவ்வளவு பேருமா?"

ஆமாம் சார் என்றேன்.

இரண்டாவது நன்றி அவருக்கு. அந்த நிமிஷத்தில் அவர் எவ்வளவோ செய்திருக்கலாம். வாயால் சொன்னதுதான் செல்லும் என்று சட்டம் பேசியிருக்கலாம். அறிக்கை மேலே போய்விட்டது, இனி என் கையில் இல்லை என்று பூசி மெழுகியிருக்கலாம். உங்கள் பணிக்காலத்தில் இந்த இரண்டையும் சொல்லும் ஆட்களை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். அவர் சொன்னது வேறு. "என் அறிக்கை தப்பு. நான் சொன்னதாவே போடுங்க. வண்டிய நிறுத்தச் சொல்லிட்டு நான் வர்றேன்."

சொன்னபடி ஜீப்பில் தனியாக வந்தார். நாட்டாரிடம் எனக்குத் தெரியாமல் போச்சு என்றார். நாட்டார் பையன்களைப் பாலத்திலிருந்து திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைத்துக்கொண்டு படம் எடுக்கிற மாதிரி நடித்தேன்.

செய்தியை அனுப்பியபோது வேறு ஒரு தலைவலி வந்தது. சட்டமன்றம் சூடாக இருந்த நேரம் இல்லையா? பொய் அறிக்கை கொடுத்த அரசு என்று தலைப்பு வைக்கலாம், அந்தக் கர்ப்பிணிப் பெண்ணை வயிற்றோடு நிற்க வைத்து ஒரு படம் எடு என்று சென்னையில் சிலர் துள்ளினார்கள். பொய் என்று எழுத வேண்டுமானால் தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும், இவருக்குத் தெரியாது என்பதற்கு நானே சாட்சி என்றேன். படம் விஷயத்தை நான் முடிவு செய்யவில்லை, தனலட்சுமியிடமே கேட்டேன்.

"என் வயித்தப் போடாதக்கா. நான் பேசறதப் போடு."

கடுகடு துணை ஆசிரியர் எங்கள் பக்கம் நின்றார். மணலில் கிடந்த தட்டின் படம்தான் அச்சில் வந்தது. கிராமங்கள் ஒப்பவில்லை, அறிக்கை தவறு என்கிறார் அதிகாரி என்று பெரிதாகத் தலைப்பு. தனலட்சுமி தன் முதல் பிரசவத்தைப் பற்றிச் சொன்னதைச் சொன்னபடி, அவள் பெயரோடு போட்டோம். சென்னையில் அந்தப் படத்தை யார் யார் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது எனக்குத் தேவையில்லாத கதை. எனக்கு வேண்டிய கதை ஏரிக்கரையில் நடந்தது.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். என்றைக்கோ செத்துப்போனவர்களைப் பற்றி எவ்வளவு பொறுமையாகக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு என்ன திட்டம் வருகிறது என்பதைச் சுவரில் எழுதிப் போடத்தான் நம் ஊரில் ஆள் இல்லை என்று அதிகாரியிடம் ஒரு நாள் புலம்பினேன். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்தைச் சுகாதார நிலையத்தின் வாசலிலேயே போட்டார். மதில் சுவரில் ஒரு பக்கம் என்ன வரும், இன்னொரு பக்கம் என்ன போகும் என்று பெரிய எழுத்தில் எழுத வைத்தார். போகிற பக்கத்தில் ராத்திரிப் பிரசவம் என்பது கண்ணில் அறைகிற மாதிரி இருந்தது. அப்படி எழுதியதற்கு மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்காது. இந்த முறை தட்டு இல்லை. பெண்களை முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்லுங்கள், நீங்கள் திட்டினாலும் அப்படியே எழுதி அனுப்புகிறேன் என்றார். முதலில் எழுந்தவள் தனலட்சுமி. ஊர் வழக்கத்தை மீறி, வெளியிலிருந்து வந்த ஒருவரின் முகத்தைப் பார்த்து அவள் வாணாம் என்று சொன்னாள். என் மூன்றாவது நன்றி அவளுக்கு. அவள் உட்கார்ந்ததும் மற்ற பெண்கள் வரிசையாக எழுந்தார்கள். நாட்டார் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் மகளைத் தடுக்கவில்லை.

மேலிடத்திலிருந்து பதில் வரக் கொஞ்ச காலம் ஆனது. அவளுக்கு மாதம் ஏற ஏற நான் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போன் போட்டு, உத்தரவு வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் உத்தரவு வந்தது. வண்டியும் வரும், வார்டும் இருக்கும், ராத்திரி நர்ஸும் இருப்பார். அதிகாரி அதே வாசலில் நின்று அதை வாசித்தார். இந்த முறை தட்டைக் கொண்டுவந்தவர் நாட்டார்.

எல்லோரும் எடுத்தார்கள். அதிகாரி எடுத்தார், வெற்றிலையை எப்படி மடிப்பது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து மடித்தார். தட்டு என்னிடம் வந்தது. எனக்கும் ஆசைதான். அந்த வார்டு இருக்க வேண்டும் என்று அங்கே இருந்த யாருக்கும் குறையாமல் நானும் ஆசைப்பட்டவள். கை நீண்டுவிட்டது. பிறகு இழுத்துக்கொண்டு, கும்பிட்டேன்.

"இன்னாமா, உனக்கு இதுல ஒப்புதல் இல்லியா?" என்றார் நாட்டார்.

"யாரு எடுத்தாங்கன்னு எழுதற ஆளு நானு. நானே எடுத்தா எப்படி நைனா?" என்றேன்.

அவர் சரிதான் என்று சொல்லித் தட்டை எனக்கு அடுத்தவரிடம் நகர்த்தினார். கோபப்படவில்லை. அவருடைய ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கிற மாதிரி என் வேலைக்கும் ஒன்று இருக்கிறது என்பதை அவர் உடனே ஏற்றுக்கொண்டார். படித்த பல பேருக்கு அதைப் புரியவைக்க நான் மணிக்கணக்கில் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன்.

தனலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது, அதே வார்டில். இந்த முறையும் ரத்தப்போக்கு. இந்த முறையும் நர்ஸ் இருந்தார். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது.

அதற்குப் பிறகு அந்தக் குப்பத்தில் எந்தக் கல்யாணம், எந்தப் பெயர் சூட்டு விழா என்றாலும் எனக்கு அழைப்பு வரும். ஒவ்வொரு முறையும் வெற்றிலைத் தட்டை வேண்டுமென்றே என் முன்னால் நீட்டுவார்கள். நான் கும்பிடுவேன், பந்தலே சிரிக்கும். கல்யாணத்தில் எடுத்தால் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த மாதமே அந்த ஊரில் இறால் பண்ணைச் சண்டை வந்தது, அதற்கடுத்து பாடு தகராறு வந்தது, இரண்டு பக்கமும் என்னிடம் வந்து பேசினார்கள். இந்தம்மா யார் தட்டிலும் கை வைக்காது என்று தெரிந்ததால்தான் பேசினார்கள். அதற்காக எத்தனை வெற்றிலையை விட்டாலும் தகும்.

நான் ஓய்வு பெற்ற நாளில் பொன்னேரியில் என் அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். மேசையை ஒழித்து, சாவியைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. வாசலில் தனலட்சுமி வந்து நின்றாள், பக்கத்தில் அவளைவிட உயரமாக வளர்ந்துவிட்ட, அந்த வார்டில் பிறந்த மகள். நாட்டார் அப்போது இல்லை, காலமாகிவிட்டிருந்தார். அவர் வீட்டுப் பித்தளைத் தட்டு அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. நிறைய வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

நான் பழக்க தோஷத்தில் கும்பிட்டேன்.

தனலட்சுமி சிரிக்கவில்லை. "சாவி குட்த்தாச்சாக்கா?" என்றாள்.

இல்லை, இனிமேல்தான் என்றேன்.

"குட்த்துட்டு வா. நாங்க நிக்கறோம்."

போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள். வெற்றிலையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டேன்.